கணவரின் சேமிப்பும் மனைவியின் வரியும்

அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில், குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய சொத்தாக இருப்பது ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்துவைத்த கணக்குதான். கணவனோ மனைவியோ இறக்கும்போது இந்த இரண்டும் மற்றவர் கைக்கு வருகின்றன என்றாலும், வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. வீடு, நிலம், பங்குகள் போன்றவற்றில் இறந்தவருக்குரிய பாகத்தின் அடக்க விலை, அவர் இறந்த நாளின் சந்தை விலைக்கு உயர்த்தப்பட்டுவிடுவதால், அதுவரை ஏறியிருந்த மதிப்புக்கு எவரும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்காலக் கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் உள்ள பணம், இறந்தவர் ஈட்டி, வரி செலுத்தாமல் விட்டுச்சென்ற வருமானமாகவே கருதப்படுவதால், அதை எடுப்பவர் யாரோ அவர் அந்த ஆண்டின் தம் வருமானத்தோடு அதையும் சேர்த்து வரி செலுத்தியாக வேண்டும். அந்த வரியை எப்போது, எந்த விகிதத்தில் செலுத்துவது என்பதைப் பெருமளவு தம் கையில் வைத்திருக்கும் வாரிசு வாழ்க்கைத் துணை ஒருவரே. பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் இல்லாத இந்த உரிமையை, துக்கத்தின் முதல் வாரங்களில் யாரோ நீட்டும் படிவத்தில் கையெழுத்திட்டுத் தொலைத்துவிடாமல் இருப்பதற்கு, சட்டத்தின் போக்கைச் சற்று விரிவாகவே அறிய வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்குகளின் வரலாறு நீண்டதன்று. 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊழியர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தாமே ஒரு வங்கியிலோ முதலீட்டு நிறுவனத்திலோ தொடங்கிக்கொள்ளக்கூடிய ஐ.ஆர்.ஏ. என்னும் கணக்கை உருவாக்கியது. 1978-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவிலிருந்து, வேலை தரும் நிறுவனத்தின் வழியாகச் சம்பளத்தில் பிடித்துச் சேமிக்கும் 401(கே) திட்டம் பிறந்தது. இரண்டிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே: செலுத்தும்போது வரி இல்லை, உள்ளே வளரும்போதும் வரி இல்லை, எடுக்கும்போது எடுத்த தொகை முழுவதும் சம்பளத்தைப் போல வரிக்கு உட்படுகிறது. 1997-இல் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், டெலவேர் மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ரோத்தின் பெயரால் மற்றொரு வகையைச் சேர்த்தது. ரோத் கணக்கில் வரி கட்டிய பணத்தைச் செலுத்தி, பிற்காலத்தில் வளர்ச்சியோடு சேர்த்து வரியின்றி எடுத்துக்கொள்ளலாம். முதல் வகைக் கணக்கு துணைவரிடம் வரும்போது அதோடு ஒத்திவைக்கப்பட்ட வரிக்கடனும் சேர்ந்தே வருகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதிக்கு அடிப்படை.

கணக்கு யாருக்குப் போகும் என்பதை உயில் தீர்மானிப்பதில்லை. கணக்கைத் தொடங்கியபோது நிரப்பிய பயனாளிப் படிவம் தீர்மானிக்கிறது. இந்தியாவில் நாமினியாகக் குறிக்கப்பட்டவர் பொதுவாகத் தொகையைப் பெற்று உண்மையான வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர் என்றே நீதிமன்றங்கள் கூறிவந்துள்ளன. அமெரிக்கக் கணக்கில் பயனாளியாகக் குறிக்கப்பட்டவரே உரிமையாளர் ஆகிறார். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 401(கே) போன்ற நிறுவனத் திட்டங்களில் மனைவிக்கு அல்லது கணவனுக்கு வலுவான காப்பைத் தந்தது: துணைவரின் எழுத்துப்பூர்வமான, சாட்சியோடு கூடிய ஒப்புதல் இல்லாமல் வேறொருவரைப் பயனாளியாக்க முடியாது. ஐ.ஆர்.ஏ.வுக்கு இத்தகைய கூட்டாட்சிக் காப்பு இல்லை. கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற, மணவாழ்வில் ஈட்டியது இருவருக்கும் பொது என்று கொள்ளும் மாநிலங்களின் சட்டமே அங்கே ஓரளவு துணை நிற்கிறது. படிவத்தின் வலிமை எத்தகையது என்பதை 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு டூபாண்ட் நிறுவன ஊழியரின் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. மணமுறிவின்போது அவருடைய முன்னாள் மனைவி சேமிப்பில் தமக்குள்ள உரிமையைக் கைவிட்டிருந்தார். ஆனாலும் படிவத்தில் அவர் பெயரே மாற்றப்படாமல் இருந்ததால், ஏறத்தாழ நான்கு லட்சம் டாலரை அவரிடம் கொடுத்தது சரியே என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

பயனாளி என்ற இடத்தில் துணைவரின் பெயர் இருக்கிறது என்று கொண்டால், அவர் முன் உள்ள வழிகளில் முதன்மையானது ரோல்ஓவர் எனப்படும் கணக்கு மாற்றம். இறந்தவரின் பணத்தைத் தம் பெயரிலுள்ள ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றிக்கொண்டால், அந்த நாளிலிருந்து அது தாமே உழைத்துச் சேர்த்த பணம் போலவே நடத்தப்படுகிறது. மாற்றத்துக்கு வரி இல்லை, எடுக்கும்வரை வளர்ச்சிக்கும் வரி இல்லை. மற்றொரு வழி, கணக்கை இறந்தவரின் பெயரோடு இணைந்த மரபுரிமைக் கணக்காகவே வைத்துக்கொண்டு, பயனாளி என்ற முறையில் அதிலிருந்து எடுத்துவருவது. முழுத்தொகையையும் ஒரே முறையில் எடுத்துவிடும் மூன்றாவது வழியும் உண்டு. அப்படி எடுத்தால் பல ஆண்டுகளில் பரவ வேண்டிய வருமானம் ஓர் ஆண்டில் குவிந்து, மிக உயர்ந்த வரி அடுக்குகளுக்குள் போய்விடும். உடனடிக் கடன் நெருக்கடி இல்லாத எவருக்கும் இதைப் பரிந்துரைப்பது கடினம். 401(கே) பணத்தைக் காசோலையாகத் தம் கையில் வாங்கினால், நிறுவனம் 20 விழுக்காட்டை வரிக்கென்று கட்டாயமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதும், எஞ்சியதோடு பிடித்த தொகையையும் வேறு பணத்திலிருந்து ஈடுசெய்து 60 நாளுக்குள் புதிய கணக்கில் செலுத்தாவிட்டால் செலுத்தாத பகுதி அந்த ஆண்டின் வருமானமாகிவிடும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகின்றன. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றச் சொன்னால் இந்தப் பிடித்தம் இல்லை.

முதல் இரண்டு வழிகளில் எது நல்லது என்பதை உயிரோடிருப்பவரின் வயதுதான் முதலில் சொல்ல வேண்டும். ஓய்வுக்காலப் பணத்தை 59½ வயதுக்கு முன் எடுப்பவர், வழக்கமான வரியோடு 10 விழுக்காடு கூடுதல் வரியும் செலுத்த வேண்டும் என்பது பொதுவிதி. அதற்குச் சட்டம் அனுமதிக்கும் விலக்குகளில் ஒன்று, கணக்குடையவர் இறந்ததன் காரணமாகப் பயனாளிக்குக் கிடைக்கும் பணம். நாற்பத்தைந்து வயதில் கணவரை இழந்து, பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் ஒரு பெண், அதை மரபுரிமைக் கணக்காக விட்டுவைத்தால் எப்போது எடுத்தாலும் அந்த 10 விழுக்காடு கிடையாது. அவரே அதைத் தம் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது கணவரின் இறப்பால் வந்த பணம் என்ற தன்மையை இழந்துவிடுகிறது. அதன்பின் 59½ வயது வரை எடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் பொதுவிதி பொருந்தும். 2006-இல் அமெரிக்க வரி நீதிமன்றம் விசாரித்த வழக்கு ஒன்றில் நடந்தது இதுவே. கணவரின் ஐ.ஆர்.ஏ.வைத் தம் கணக்குக்கு மாற்றிக்கொண்ட ஒரு பெண், சில ஆண்டுகள் கழித்து, 59½ வயது நிறையும் முன்னரே அதிலிருந்து ஒன்பது லட்சம் டாலருக்கும் மேல் எடுத்தார். பணத்தின் மூலம் கணவரின் கணக்குதான் என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தம் சொந்தக் கணக்காக ஆக்கிக்கொண்டவர் பயனாளிக்குரிய விலக்கையும் கோர முடியாது என்று கூறி, பத்தில் ஒரு பங்கைக் கூடுதல் வரியாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்த இடத்தில்தான் பொறுமைக்குப் பணமதிப்பு உண்டு. சொந்தக் கணக்காக மாற்றியதைத் திருப்பி மரபுரிமைக் கணக்காக்க முடியாது. ஆனால் மரபுரிமைக் கணக்காக வைத்திருப்பதை, 59½ வயது நிறைந்தபின் சொந்தக் கணக்காக மாற்றிக்கொள்ளத் தடையில்லை. தொகையைப் பிரித்து, அடுத்த சில ஆண்டுகளின் தேவைக்கென்று ஒரு பகுதியை மரபுரிமைக் கணக்கில் வைத்துவிட்டு, எஞ்சியதை உடனே மாற்றிக்கொள்வதும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆகவே இளவயதில் துணையை இழந்தவருக்கு அவசரப்பட்டு எல்லாவற்றையும் தம் பெயருக்கு மாற்றச் சொல்லும் அறிவுரை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், தவறான அறிவுரையே.

வயது முதிர்ந்தவர்களின் நிலை வேறு. வரியை என்றென்றும் ஒத்திப்போட முடியாதபடி, குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. இதைக் கட்டாய எடுப்பு எனலாம். இந்த வயது நெடுங்காலம் 70½ ஆக இருந்து, 2019 டிசம்பரில் கையெழுத்தான செக்யூர் சட்டத்தால் 72 ஆகவும், 2022 டிசம்பரில் வந்த அதன் இரண்டாம் சட்டத்தால் 73 ஆகவும் உயர்ந்தது. 1960-இலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்கு 75. கணக்கிலுள்ள தொகையை, வயதுக்கேற்ற ஆயுள் அட்டவணை தரும் எண்ணால் வகுத்தால் கட்டாய எடுப்பு கிடைக்கும். கணக்குடையவருக்கான அட்டவணையில் 73 வயதுக்குரிய எண் 26.5, கணக்கில் பத்து லட்சம் டாலர் இருந்தால் அந்த ஆண்டு எடுக்க வேண்டியது சுமார் 37,700 டாலர். பயனாளிகளுக்கான ஒற்றை ஆயுள் அட்டவணையில் அதே வயதுக்குரிய எண் 16.4 என்பதால் எடுப்பு ஏறத்தாழ 61,000 டாலர் ஆகிவிடும். ரோல்ஓவர் செய்த துணைவர் மென்மையான முதல் அட்டவணையைப் பெறுகிறார். 2022-ஆம் ஆண்டுச் சட்டம், பயனாளியாகவே தொடரும் துணைவருக்கும் அந்த அட்டவணையை அடையும் வழியைத் திறந்ததால் இந்த இடைவெளி பெரிதும் குறைந்துள்ளது.

துணைவர் இறந்தவரைவிட மூத்தவராக இருக்கும்போது மாற்றாமல் இருப்பதே பெரும்பாலும் ஆதாயம். 76 வயதான ஒருவரின் துணை 2025-இல் 68 வயதில் இறந்ததாகக் கொண்டால், அந்தக் கணக்கைத் தம்முடையதாக்கிக்கொண்டவர் தம் வயதின்படி உடனே கட்டாய எடுப்பைத் தொடங்க வேண்டும்; பயனாளியாக மட்டும் நின்றால், இறந்தவர் 73 வயதை எட்டியிருக்கக்கூடிய 2030 வரை ஒரு டாலரும் எடுக்க வேண்டியதில்லை. இறந்தவர் ஏற்கெனவே கட்டாய எடுப்பு வயதைக் கடந்து, இறந்த ஆண்டுக்குரியதை எடுக்காமல் போயிருந்தால், அதைப் பயனாளிதான் எடுத்துத் தம் வருமானத்தில் காட்ட வேண்டும். அந்தத் தொகையை ரோல்ஓவர் செய்ய முடியாது. எடுக்கத் தவறிய தொகைக்கு முன்பு பாதியளவு இருந்த தண்டவரி இப்போது 25 விழுக்காடாகவும், காலத்தில் திருத்திக்கொண்டால் 10 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டுள்ளது.

பிள்ளைகளோடு ஒப்பிட்டால் துணைவரின் இடம் எவ்வளவு மேலானது என்பது விளங்கும். 2020 தொடங்கி நேர்ந்த இறப்புகளில், வளர்ந்த பிள்ளைகள் முதலான பெரும்பாலான வாரிசுகள் பத்தாம் ஆண்டின் முடிவுக்குள் கணக்கை முழுவதுமாகக் காலிசெய்துவிட வேண்டும். திருமணம் செய்துகொள்ளாமல் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் அந்த இணையர் சட்டத்தின் முன் துணைவர் அல்லர். பத்து வயதுக்கு மேல் இளையவராக இருந்தால் அவரும், உடற்குறை அல்லது நாட்பட்ட நோய்க்கான விலக்குக்கு உரியவர் அல்லாவிட்டால், பத்தாண்டு விதிக்குள் வந்துவிடுகிறார். ஒரே பாலினத்தவர் திருமணத்தைக் கூட்டாட்சி அரசு ஏற்க மறுத்ததை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த வின்ட்சர் வழக்கே, இறந்த மனைவியின் சொத்தின் மீது உயிரோடிருந்தவர் கட்டிய மரண வரியைத் திருப்பிக் கேட்டதில் தொடங்கியதுதான். துணைவர் என்ற சட்டத் தகுதியில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்பதற்கு அது போதிய சான்று.

இத்தனை சலுகைகளைத் தந்த சட்டம், மற்றொரு பக்கத்தில் கடுமையாக நடந்துகொள்கிறது. கணவனும் மனைவியும் கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது வரி அடுக்குகள் அகலமாக இருக்கின்றன. இறந்த ஆண்டுக்கு மட்டும் உயிரோடிருப்பவர் கூட்டுக் கணக்கே தாக்கல் செய்யலாம். தம்மைச் சார்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு அதே விகிதம் நீடிக்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டே அவர் தனிநபராகிவிடுகிறார். 2025-ஆம் ஆண்டு விகிதங்களின்படி, ஓய்வுக்காலக் கணக்கு போன்றவற்றிலிருந்து ஓராண்டில் ஒரு லட்சம் டாலர் வருமானம் பெறும் தம்பதியர், 31,500 டாலர் நிலையான கழிவு போக, சுமார் 7,740 டாலர் கூட்டாட்சி வருமான வரி செலுத்துவர். அதே ஒரு லட்சம் டாலரைத் தனியாகப் பெறுபவருக்குக் கழிவு 15,750 டாலராகப் பாதியாகி, 12 விழுக்காட்டு அடுக்கு முடிந்து 22 விழுக்காட்டு அடுக்கு 48,475 டாலரிலேயே தொடங்கிவிடுவதால், வரி ஏறத்தாழ 13,450 டாலர் ஆகிறது. முதியோருக்கான கூடுதல் கழிவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுச் செலவு துணையின் மறைவால் பாதியாகிவிடுவதில்லை: வீட்டு வரியும், காப்பீடும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவும் ஒருவருக்கும் அதே அளவில்தான். இருவரும் பெற்றுவந்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களில் பெரியது ஒன்று மட்டுமே தொடரும் நிலையில், எஞ்சிய வருமானத்துக்கு வரி கூடுகிறது. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சந்தாவும் வருமானத்தைப் பொறுத்து உயர்வது. 2025-இல் தம்பதியருக்கு 2,12,000 டாலரில் தொடங்கும் அந்த உயர்வு, தனிநபருக்கு 1,06,000 டாலரிலேயே தொடங்கியது. பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வதால் இந்தச் சுமை பெரும்பாலும் மனைவியரின் தோளில்தான் விழுகிறது. சேமிப்பைப் பெறும்போது தம்பதியரை ஒருவராக மதிக்கும் சட்டம், வரி விதிக்கும்போது இந்த மதிப்பை ஓராண்டில் திரும்பப் பெற்றுக்கொள்வது நியாயமாகத் தோன்றவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கேனும் எல்லாத் துணைவருக்கும் கூட்டு விகிதம் தொடர்வதே தகும்.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது, இருவரும் உயிரோடிருக்கும்போதே கூட்டு விகிதத்தின் அகலமான அடுக்கைப் பயன்படுத்தி, ஆண்டுதோறும் அளவாக ஒரு பகுதியை எடுப்பதோ, வரி கட்டி ரோத் கணக்குக்கு மாற்றுவதோ ஆகும். இப்படி மாற்றியதைத் துணைவர் பெற்றுத் தம் ரோத் கணக்காக்கிக்கொண்டால் அவர் வாழ்நாளில் கட்டாய எடுப்பே இல்லை. கணக்கு தொடங்கி ஐந்தாண்டு ஆகியிருந்து, அவருக்கு 59½ வயது நிறைந்திருந்தால் எடுக்கும் தொகை முழுவதும் வரியற்றது.

தமக்குப் போதிய வசதி உள்ள துணைவர் பணத்தை அறவே ஏற்காமல் விடவும் செய்யலாம். இறப்புக்கு ஒன்பது மாதத்துக்குள், அந்தப் பணத்தின் பயனை ஏற்றுக்கொள்ளும் முன், எழுத்தில் உரிமையைத் துறந்தால் அது படிவத்தில் அடுத்ததாகக் குறிக்கப்பட்டவருக்கு, பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, நேரே போகும். ஒரு பகுதியை மட்டும் துறப்பதும் உண்டு. தாயின் பத்தாண்டு ஒன்று, தந்தையின் பத்தாண்டு ஒன்று என்று பிள்ளைகளுக்கு இரு வேறு காலத்தில் பணம் பிரிந்து வருவதால், அவர்கள் வரி ஒரே சமயத்தில் குவிவதில்லை. ஆனால் அடுத்த பயனாளி என்ற இடம் படிவத்தில் வெறுமையாக இருந்தால் இந்த வழி குழப்பத்திலேயே முடியும்.

வருமான வரியிலிருந்து வேறான மரண வரி, அமெரிக்காவில் வாழும், அங்கு வாழ்ந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிக் கவனம் கோருவது. குடியுரிமை பெற்ற துணைவருக்கு விட்டுச்செல்லும் சொத்துக்கு 1982 முதல் எந்த வரம்பும் இல்லாமல் இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. துணைவர் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவராக, பச்சை அட்டையோடு நிற்பவராக இருந்தால்கூட, சிறப்பு அறக்கட்டளை ஒன்றின் வழியாக அன்றி இந்த விலக்கு கிடைக்காது. எனினும் இறந்தவர் அமெரிக்காவையே நிலையான இருப்பிடமாகக் கொண்டிருந்தால், 2026-இல் ஒன்றரைக் கோடி டாலர் வரையிலான சொத்துக்குப் பொதுவிலக்கு இருப்பதால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கவலையில்லை.

கவலைக்குரியவர்கள், சில ஆண்டு அங்கே வேலை பார்த்து 401(கே) கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் சென்னைக்கோ கோவைக்கோ நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர்கள். அவர்களுடைய அமெரிக்கச் சொத்துக்குப் பொதுவிலக்கு 60,000 டாலர் மட்டுமே. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மரண வரி 40 விழுக்காடு வரை ஏறக்கூடும். இந்தியா தன் மரண வரியை 1985-இல் நீக்கிவிட்டது, இந்த வரியைத் தளர்த்தும் உடன்படிக்கையும் இரு நாடுகளுக்கிடையே இல்லை. இதற்கு மேல், இந்தியாவில் வாழும் மனைவி அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது, வருமான வரி உடன்படிக்கையின் சலுகையை உரிய படிவத்தில் கோராவிட்டால், நிறுவனம் 30 விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். கணக்கின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டியிருந்தால் இறப்புக்கு ஒன்பது மாதத்துக்குள் அமெரிக்க வரித் துறையிடம் மரண வரிப் படிவம் தாக்கல் செய்யப்பட வேண்டும். வரித் துறை தரும் மாற்றுச் சான்றிதழைக் காணும்வரை பல நிதி நிறுவனங்கள் பணத்தை விடுவிப்பதில்லை. திரும்பி வந்தவர் அந்தக் கணக்கின் எண்ணையும், நிறுவனத்தின் முகவரியையும், பயனாளிப் படிவத்தின் நகலையும் மனைவியிடம் கொடுத்துவைத்திருந்தால், அந்த ஒன்பது மாதத்தில் பாதியைத் தேடுவதிலேயே அவர் செலவிட வேண்டியிருக்காது.